இரண்டாவது கலசம்

அத்தியாயம் 11

அப்பா செவ்வாய்க்கிழமையே மரக்கலசத்தைக் கடைந்து முடித்துவிட்டார். மெருகு போட்டு, மூடி பொருத்தி, பட்டறை அலமாரியில் வெள்ளைத் துணியால் மூடியும் வைத்துவிட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மாவின் அஸ்தியை அதில் நிரப்பி, நினைவுத் தோட்டத்துச் சுவரில் ஒதுக்கித் தந்த மாடத்தில் வைக்க வேண்டும். எல்லாம் பேசி முடித்தாயிற்று.

அப்படியிருக்க, வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கடைசல் இயந்திரம் எதற்கு ஓடுகிறது?

பல் தேய்க்கும்போதுதான் அவருடைய மூத்த மகளுக்கு இந்தக் கேள்வி வந்தது. வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, மனுஷருக்குக் கை சும்மா இருக்காது, யாருக்காவது நாற்காலிக் கால் கடைகிறாராக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வாயைக் கொப்பளித்தாள்.

அம்மா போய் மூன்று வாரம் ஆகிறது. தன் வீட்டையும் வீட்டுக்காரரையும் விட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலைக்கும் லீவு சொல்லிவிட்டு, மூன்று வாரமாக அவள் இங்கேதான் இருக்கிறாள். தம்பி சின்னவன் இல்லை. போன வாரம் அவன் அப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டுத் துறைமுகத்துக்கு, தன் கிரேன் வேலைக்கே திரும்பிப் போய்விட்டான்.

"கடையில அழகழகா கலசம் விக்குது, ஒண்ணு வாங்கினா முடிஞ்சுது. செத்தவங்களுக்காக ராவும் பகலும் மரம் கடையறீங்க, இருக்கிறவங்க முகத்தை ஏறெடுத்துப் பாக்க மாட்டேங்கறீங்க" என்று கத்தினான். அவன் செருப்பு மாட்டும்போதுகூட அப்பா உப்புத்தாளால் மூடியைத் தேய்த்துக்கொண்டேதான் இருந்தார். இவருக்குப் பேச வராது, அவனுக்கு நிறுத்த வராது. நடுவில் அகப்பட்டுக்கொண்டு முழிப்பது இவள்.

பத்து மணிக்கு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "உப்புத்தாள் தீந்துடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். பட்டறையைக் கூட்டிவிடலாம் என்று மூத்தவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு பக்கம் மாடிப்படிக்கான தூண்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கும். நடுவில் இயந்திரம். தரையெல்லாம் மரச்சீவல், கணுக்கால் புதையும் அளவுக்கு.

இயந்திரத்தில் ஒரு தேக்குக் கட்டை மாட்டியிருந்தது. நாற்காலிக் கால் இல்லை. வயிறு அகன்று, கழுத்து ஒடுங்கி, பாதி உருவம் வந்த கலசம். அலமாரியில் துணிக்குள் இருப்பதற்கு அண்ணன் மாதிரி இருந்தது.

மூத்தவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். எதைக் கடைந்தாலும் அதன் அடியில் பென்சிலால் அளவை எழுதிவைப்பது அப்பாவின் வழக்கம். கலசத்துக்கு என்ன அளவு என்பதையும் அவரே இரண்டு வாரத்துக்கு முன் சொல்லியிருந்தார்: ஆளின் எடை எத்தனை கிலோவோ அதற்குத் தக்கபடி உள்ளே குடைய வேண்டுமாம். முதல் கலசத்தின் அடியில் 41 என்று எழுதினார். அம்மாவின் எடை. ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்த்தபோது மூத்தவள்தான் கூட நின்றாள்.

இந்தக் கட்டையின் அடியில் 62 என்று எழுதியிருந்தது.

அறுபத்திரண்டு யார்?

யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று. போன திங்கட்கிழமை பிரஷர் பார்க்க அப்பாவை அழைத்துப்போனபோது, நர்ஸ் அவரை எடை மேடையில் ஏற்றிவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்: "அறுபத்திரண்டு!"

மூத்தவள் அங்கேயே மரச்சீவலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சே, இருக்காது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, அதுதான் இது. இப்படிச் சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். விரல் இரண்டு முறை தப்பான பெயரில் பட்டது.

"என்னக்கா, டியூட்டில இருக்கேன். சீக்கிரம் சொல்லு."

"அப்பா இன்னொரு கலசம் கடையறார்டா."

"முதல்ல செஞ்சது உடைஞ்சுடுச்சா?"

"இல்லை, நல்லாத்தான் இருக்கு. இது அதைவிடப் பெருசு."

"யாராவது ஆர்டர் குடுத்திருப்பாங்க. இதுக்கா போன் பண்ணினே?"

"அடியில அறுபத்திரண்டுன்னு எழுதியிருக்கு."

"எழுதட்டும். அதுக்கென்ன?"

"அப்பாவோட எடைடா அது. திங்கட்கிழமை பார்த்தாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்."

மறுமுனையில் கிரேன் மணி கணகணவென்று அடித்தது.

"டேய், இருக்கியா?"

"நேரா கேட்டுடு அக்கா."

"எப்படிடா கேக்கிறது? 'அப்பா, சாகப் போறீங்களா'ன்னா?"

"அப்படியேதான் கேளு."

"வாய் கிழியப் பேசறவன் நீதானே. நீ கேளேன்."

"என் போனை அவர் எடுக்க மாட்டார்."

"நீ பண்ணவே இல்லையேடா!"

"மூணு மணிக்கு எனக்கு பிரேக். அப்போ கூப்பிடறேன். அதுவரைக்கும் அவரைத் தனியா விடாதேக்கா. ப்ளீஸ்."

வாயாடித் தம்பி "ப்ளீஸ்" என்று சொன்னதைக் கேட்ட பிறகுதான் மூத்தவளுக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. அதுவரை அவள், சீ போடி பைத்தியக்காரி என்று அவன் திட்டுவான், திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகக் கூட்டிப் பெருக்கலாம் என்றுதான் இருந்தாள்.

எழுந்து வீட்டுக்குள் ஓடினாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல், அலமாரியிலிருந்த மாத்திரை டப்பாவை அப்படியே எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அதில் பாதி அம்மாவின் பழைய சத்து மாத்திரை. இருந்தால் என்ன, அதுவும் போகட்டும். சமையலறைக் கத்தியைக் கையில் எடுத்தாள். இதை ஒளித்துவைத்தால் மத்தியானச் சமையல் எப்படி நடக்கும்? பட்டறையில் வேறு ஏழெட்டு உளி இருக்கிறதே, அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கத்தியைப் பார்த்துக்கொண்டே நின்றவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கத்தியை அதன் இடத்திலேயே வைத்துவிட்டுக் காய் நறுக்க உட்கார்ந்தாள்.

அப்பா பதினொன்றரைக்குத் திரும்பி வந்தார். இரண்டு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

சாப்பிடும்போது பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார்.

"தண்ணித் தொட்டி நிரம்பி வழிஞ்சா, பின்பக்கம் ஒரு வால்வு இருக்கு. அதை வலது பக்கம் திருகணும். தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"தெரிஞ்சு வெச்சுக்கோ. சாவிக்கொத்துல நீளமா ஒண்ணு இருக்கே, அதுதான் பட்டறைச் சாவி. வீட்டுப் பத்திரமெல்லாம் அம்மாவோட அலமாரியில, மேல்தட்டுல இருக்கு."

"இதெல்லாம் இப்ப எதுக்கு எங்கிட்ட சொல்றீங்க?"

"எப்பவும் நானே இருப்பேனா?"

எந்த அப்பாதான் இதைச் சொல்லாமல் இருக்கிறார்? வேறு ஒரு நாளாக இருந்தால், "ஆரம்பிச்சுட்டீங்களா" என்று ஒரு அதட்டுப் போட்டிருப்பாள். இன்றைக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கேட்டுவிடு, இதுதான் சமயம், கேட்டுவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "இன்னும் கொஞ்சம் போடட்டுமாப்பா?" என்றுதான் வாய் கேட்டது.

அப்பா கையைக் கழுவிவிட்டு அலமாரியைத் துழாவினார். "மாத்திரை டப்பாவைக் காணோமே?"

"நான் தர்றேன்" என்று மூத்தவள் கைப்பையைத் திறந்து, ஒரே ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைத்தாள். அப்பா மாத்திரையைப் பார்த்தார். கைப்பையைப் பார்த்தார். அவள் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, தண்ணீரைக் குடித்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

உள்ளே போனதும் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. தூசி வீட்டுக்குள் வரக்கூடாது என்று முப்பது வருஷமாகப் போடுகிற தாழ்ப்பாள்தான். அம்மாவின் உத்தரவு. இருந்தாலும் அந்தச் சத்தம் இன்றைக்கு மூத்தவளின் முதுகுத்தண்டில் போய் விழுந்தது.

இயந்திரம் ஓட ஆரம்பித்தது.

பின்வாசல் படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். கடைசல்காரர் பெண்ணுக்கு இந்தச் சத்தத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதைக் கேட்டுக்கொண்டேதான் வீட்டுப்பாடம் எழுதினாள். மரத்தில் உளி படும்போது கரகரவென்று ஒரு சத்தம் ஏறி இறங்கும். உளி படாமல் சும்மா சுற்றினால் ஏற்றமும் இருக்காது, இறக்கமும் இருக்காது, 'உம்' என்று ஒரே மாதிரி கேட்டுக்கொண்டிருக்கும்.

இப்போது 'உம்' என்றுதான் கேட்டது.

உளியைத் தீட்டுகிறாராக இருக்கும். ஐந்து நிமிஷம் ஆயிற்று. கண்ணாடியைத் துடைக்கிறாராக இருக்கும். பத்து நிமிஷம் ஆயிற்று. எந்தக் கடைசல்காரன் இயந்திரத்தைப் பத்து நிமிஷம் சும்மா ஓடவிடுவான்? கட்டை வீணாகச் சுற்றினால் அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருமே.

"அப்பா!"

பதில் இல்லை.

"அப்பா, டீ போடட்டுமா?"

'உம்' என்று அதே சத்தம்.

கதவைத் தட்டினாள். உள்ளங்கையால் அடித்தாள். பிறகு இரண்டு கை முஷ்டியாலும் குத்தினாள். "அப்பா! கதவைத் திறங்கப்பா! அப்பா!" தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். அந்த இரைச்சலில் உள்ளே எதுதான் கேட்கும்? ஜன்னலோ உயரத்தில் இருந்தது. ஏறுவதற்கு ஸ்டூல் இல்லை. வீட்டிலிருக்கும் ஸ்டூலெல்லாம் அவர் கடைந்தது, எல்லாம் பட்டறைக்குள்தான் கிடந்தது.

அந்த நொடியில் அவளுக்கு எப்படித்தான் அந்தப் புத்தி வந்ததோ. வீட்டுக்குள் ஓடி, கூடத்துக் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டு, மெயின் சுவிட்சை இழுத்து அணைத்தாள்.

மின்விசிறி தளர்ந்து நின்றது. பட்டறையில் 'உம்' இறங்கி, இறங்கி, அடங்கிப்போயிற்று. வீடு முழுக்க மூச்சுக் காட்டவில்லை.

மூத்தவள் திரும்பி ஓடிவந்து கதவில் காதை வைத்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. தெய்வமே, தெய்வமே என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை.

"என்னம்மா, கரண்ட் போச்சா?" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அவள் கதவில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாழ்ப்பாள் திறந்தது. அப்பா உளியும் கையுமாக நின்றார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. சட்டையில் ஒரு பொட்டு மரத்தூள்கூட இல்லை.

"யாருக்குப்பா அந்தக் கலசம்?" என்று தரையிலிருந்தபடியே கத்தினாள். "அறுபத்திரண்டுன்னு எழுதியிருக்கீங்களே, யாருக்கு? யாரைக் கேட்டுச் செய்யறீங்க? எங்களை விட்டுட்டுப் போயிடலாம்னு பாக்கறீங்களா?"

அப்பா பேயறைந்தவர் மாதிரி நின்றார். பிறகு உளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே வாசல்படியில் உட்கார்ந்தார்.

"உங்கம்மாவுக்கும்மா" என்றார்.

"அம்மாவுக்குத்தான் ஒண்ணு செஞ்சாச்சே!"

"அது பத்தலை."

பத்தலை என்றால்? மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். அப்பா அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"செவ்வாய்க்கிழமை நீ கடைக்குப் போயிருந்தப்ப, மின்மயானத்துல குடுத்த டப்பாவைத் திறந்து அதுல கொட்ட ஆரம்பிச்சேன். கழுத்து வரைக்கும் வந்துடுச்சு. டப்பாவுல இன்னும் மூணுல ஒரு பங்கு அப்படியே இருக்கு. பாதியில நிறுத்திட்டேன். திருப்பிக் கொட்டலாம்னா கை இப்படி ஆடுது, சிந்திடுமோன்னு பயம். மூடவும் பயம், திறக்கவும் பயம். மூணு நாளா அவ அங்க கொஞ்சம், இங்க கொஞ்சம். அவளை ரெண்டா பிரிச்சு வெச்சிருக்கேன்மா."

"எப்படிப்பா? நீங்க அளவுல தப்பு பண்ணவே மாட்டீங்களே."

"நாப்பத்தொண்ணுன்னு கடைஞ்சுட்டேனே. அவளுக்கு நோயில கரைஞ்சது சதைதானே, எலும்பு கரையலையே. மின்மயானத்து ஆளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். 'நோய் வர்றதுக்கு முன்னாடி இருந்த எடையை எடுத்துக்கணும் பெரியவரே'ன்னார். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோணலை. நாலு மாசமா அவளைத் தூக்கித் தூக்கி உட்கார வெச்ச கைம்மா இது. இந்தக் கைக்கு நாப்பத்தொண்ணுதான் ஞாபகம் இருக்கு."

மூத்தவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அம்மா அறுபத்திரண்டா?" என்று கேட்டாள். "அம்மா எங்க யாருகிட்டயும் எடையைச் சொன்னதே இல்லையே. எடை மேடையில ஏறினா எங்களைத் திரும்பி நிக்கச் சொல்லுவாங்களே!"

"எப்படிச் சொல்லுவா? என் தோளுக்குத்தான் இருப்பா. எடை மட்டும் எனக்கும் அறுபத்திரண்டு, நோய் வர்ற வரைக்கும் அவளுக்கும் அறுபத்திரண்டு. கல்யாணம் ஆன புதுசுல ரயில்வே ஸ்டேஷன் மெஷின்ல ரெண்டு பேரும் ஏறிப் பார்த்தோம். சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு, 'வெளியில சொன்னா சோறு கிடையாது'ன்னா. இன்னிக்கு வரைக்கும் நான் சொன்னதில்லை."

மூத்தவளுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். அம்மா இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் இன்றைக்குச் சோறு கிடையாது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஏன்பா, அப்போ மெஷினை எதுக்குச் சும்மா ஓடவிட்டீங்க? நான் செத்தே போயிட்டேன்!"

அப்பாவின் சிரிப்பு நின்றது. அவர் பட்டறையின் இருட்டுக்குள் பார்த்தார்.

"நீ மாத்திரையை ஒளிச்சு வெச்சப்பவே எனக்குப் புரிஞ்சுடுச்சு. நீ நினைச்சது முழுக்கத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன்மா."

மூத்தவளின் கை அவர் கையை இறுக்கியது.

"செவ்வாய்க்கிழமை, அவ பாதியில நின்னப்ப, 'நீயும் போயிடேன்'னு ஒரு நினைப்பு வந்துச்சு. நான் கூப்பிடலை. தானா வந்துச்சு. வந்துட்டுப் போயிடுச்சு. மறுநாளும் வந்துச்சு. சத்தம் இல்லாம இருந்தா வருது. மெஷின் ஓடினா வரலை. அதான் கை ஆடி வேலை செய்ய முடியலைன்னாலும் ஓடவிட்டுட்டு நிக்கிறேன்."

இப்போது சத்தமே இல்லை. அதை அணைத்தவளும் அவள்தான். ஓடிப்போய் சுவிட்சைப் போடலாமா என்று பார்த்தாள். அதற்கு அவர் கையை விட வேண்டுமே. விடவில்லை.

"இன்னிக்கே டாக்டர்கிட்ட போறோம். இதே மாதிரி அவர்கிட்டயும் சொல்லணும்."

"சரி."

"என்கிட்ட மறைக்கக் கூடாது. எப்ப வந்தாலும் சொல்லணும். தூங்கிட்டிருந்தாலும் எழுப்பணும்."

"சரிம்மா."

அப்பா எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொல்பவரே இல்லை. அதைக் கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளுக்குள் இன்னும் நடுங்கியது.

மடியில் கைப்பேசி அதிர்ந்தது. மணி மூன்று. சின்னவன்.

மூத்தவள் எடுத்து, "டேய்" என்பதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. "அக்கா? அக்கா, என்ன ஆச்சு? அப்பா எங்கே?" என்று அவன் அலறுவது வெளியே கேட்டது. அப்பா கையை நீட்டினார். போன வாரச் சண்டைக்குப் பிறகு அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. அவள் தயங்கிவிட்டுக் கொடுத்தாள்.

அப்பா கைப்பேசியை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சின்னவனே" என்றார். "எனக்குப் பயமா இருக்குடா. நீ வந்துடு."

துறைமுகத்துக் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சின்னவன், தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தணிந்த குரலில் கேட்டான்:

"அப்பா... நீங்களா பேசறீங்க?"

"நான்தான்டா" என்றார் அப்பா. "லைன்லயே இரு. வெச்சுடாதே."